எத்தனை நீர்? எத்தகு நீர்?

(தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையில் கூடிய தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

இவ்வூரின் பெயரில் ஒரு வடசொல் நிற்கின்றது. தூய தமிழ் போற்றுவோர் கூடிய அவையில் அதைச் சுட்டாமல் போக இயலாது. ஆயினும் இன்று அச்சொல்லோடு வழக்காட நான் வரவில்லை. அச்சொல் எப்பொருளைச் சுட்டுகின்றதோ அப்பொருளைப் பற்றிப் பேசவே வந்திருக்கின்றேன். 'தீர்த்தம்' என்று பிறமொழிப் பெயரிட்டு நாம் வணங்குவது, நம் முன்னோர் 'சுனை' என்றும் 'ஊற்று' என்றும் அழைத்த நல்ல நீரைத்தான். பாறையிடுக்கினின்று கசிந்து, மேலிருந்து சொட்டி வீழும் அந்நீரைக் கையேந்திப் பருகவும் தலையில் ஏற்கவும் எங்கெங்கிருந்தோ மக்கள் இம்மலை ஏறுகின்றனர். அவர்கள் நீரின் அளவைக் காணவா வருகின்றனர்? அன்று. அளவைக் காண வேண்டுமாயின் மேட்டூருக்குப் போகலாம், சாத்தனூருக்குப் போகலாம். ஒரு கைப்பிடி நீருக்காக ஒரு மலையையே ஏறுகின்றவன் நீரின் தன்மையைத் தேடி வருகின்றான். இந்த ஓர் உண்மையை இம்மலையடியிலே நின்று நினைவூட்டுவதே என் உரையின் நோக்கம்.

சொற்கள் காட்டும் அறிவு

தமிழன் நீருக்கு இட்ட பெயர்களை எண்ணிப் பாருங்கள். தண்மையுடையது தண்ணீர். தெளிந்தது தெண்ணீர். இனியது தீநீர். நல்லது நன்னீர். உவர்ப்பது உவர்நீர். புதுவெள்ளத்தின் மண்ணைச் சுமந்து வருவது கலங்கல். இவற்றுள் ஒன்றேனும் நீரின் அளவைக் கூறும் சொல்லா? எல்லாம் தன்மையைக் கூறும் சொற்கள். குளிர்ச்சி, தெளிவு, சுவை, உப்பு, மண் என, இன்றைய ஆய்வுக்கூடம் கருவிகொண்டு அளப்பவற்றையெல்லாம் நாவாலும் கண்ணாலும் கையாலும் அளந்து பெயரிட்ட இனம் நம் இனம்.

அந்த இனம் இன்று நீரைப் பற்றி என்ன பேசுகின்றது? 'டி.எம்.சி.' என்னும் மூன்றெழுத்தைப் பேசுகின்றது. நூறு கோடி கன அடி கொண்டது ஒரு டி.எம்.சி. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தன் இறுதித் தீர்ப்பில், எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கருநாடகம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. விட வேண்டும் என்றது. உச்ச முறைமன்றம் 2018-இல் அதை 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. இவ்வெண்கள் நம் பள்ளிச் சிறுவர்க்கும் மனப்பாடம். அவற்றுக்காக நாம் போராடியதும் சரி. இனிப் போராடப் போவதும் சரி. நீரே வாராத ஆற்றில் நீரின் தன்மையைப் பேசுவது வெற்றுப் பேச்சு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால், திங்கள்தோறும் இத்தனை என்று நீரின் அளவை வகுத்த அத்தீர்ப்பு, 'அந்நீர் எத்தகையதாக இருத்தல் வேண்டும்' என்று ஓர் எண்ணும் வகுக்கவில்லை. 177.25 டி.எம்.சி. சாய்கடை வந்தாலும் கணக்கு நேராகிவிடும். எத்தனை நீர் என்று கேட்கக் கற்ற நாம், எத்தகு நீர் என்று கேட்க மறந்தோம்.

இந்த ஊர் நிற்கும் இடம்

இது எங்கோ நிகழும் செய்தியன்று. உங்கள் ஊருக்கு அருகில், அனுமன்தீர்த்தத்தின் ஓரமாக ஓடுவது தென்பெண்ணை. நந்திமலைப் பகுதியில் தோன்றிப் பெங்களூரின் புறத்தே வருகின்ற அவ்வாறு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக அந்நகரின் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூருக்கு மேலே தமிழ்நாட்டில் நுழைகின்றது. கெலவரப்பள்ளி அணையின் கதவுகள் திறக்கப்படும்போது வெண்பஞ்சுப் பொதிபோல் நுரை எழுந்து கரைகளை மூடும் காட்சியை நீங்கள் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். அதற்குக் கீழே கிருட்டிணகிரி அணை. அதற்குக் கீழே நீங்கள். உங்களுக்குக் கீழே 1958-இல் திறக்கப்பட்ட சாத்தனூர் அணை. அவ்வணையின் அடியில் 7.5 மெகாவாட் மின்னாக்கும் நிலையம் ஒன்று உள்ளது.

இனி, உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள். இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் 'புளூரைடு' என்னும் உப்பு மிகுதி. ஓர் இலிட்டர் நீரில் அது 1.5 மில்லி கிராமைத் தாண்டினால் குடிநீர்க்கு ஆகாது என்பது இந்தியத் தர வரையறை. பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் நோவும் அதனால் வருவன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அக்கேட்டை நீக்கவே ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துத் தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் வழங்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பான் நாட்டுக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. எதற்காக அத்துணைப் பெரும்பொருள் செலவிடப்பட்டது? நீர் இல்லை என்பதற்காகவா? கிணற்றில் நீர் இருந்தது; அந்நீர் தகாத நீர் என்பதற்காக. நீரின் தன்மை என்பது ஒரு மாவட்டத்தின் பல்லையும் எலும்பையும் பற்றிய செய்தி என்பதைத் தமிழ்நாட்டில் வேறெவரையும்விட நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆகலினாலேயே இதனைப் பேச இவ்வூரைவிடத் தக்க இடம் வேறில்லை என்று எண்ணினேன்.

அணைக்குள் நீருக்கு நேர்வது

நீர்மின் நிலையம் நீரை உண்பதில்லை, புகை கக்குவதில்லை, வந்த நீரை அப்படியே கீழே விட்டுவிடுகின்றது, இதில் மாசு எங்கிருந்து வந்தது என்று பொறியாளர் கேட்பர். கேள்வி நேர்மையானதே. விடையை உங்கள் கிணற்றிலிருந்தே சொல்கின்றேன்.

கோடையில் ஆழ்கிணற்றில் குதித்து மூழ்கியவர் இங்கே பலர் இருப்பீர்கள். மேல்நீர் வெதுவெதுப்பாகவும், ஓராள் ஆழத்துக்குக் கீழ் நீர் சில்லென்றும் இருக்குமன்றோ? பெரிய அணையிலும் அதுவே நிகழ்கின்றது. வெயிலில் சூடேறிய நீர் கனம் குறைந்து மேலே மிதக்கின்றது. குளிர்ந்த நீர் கனத்து அடியில் தங்குகின்றது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மேலடுக்கு காற்றைத் தொட்டு உயிர்வளியைப் பெறுகின்றது. அடியடுக்குக்குக் காற்றும் இல்லை, ஒளியும் இல்லை. மூழ்கிய மரம், செடி, இலை, மேலிருந்து வந்த சாய்கடை எல்லாம் அங்கே அழுகுகின்றன. அழுகல் அங்குள்ள உயிர்வளியைத் தின்று தீர்க்கின்றது. உயிர்வளி தீர்ந்தபின், அடிமண்ணில் கட்டுண்டு கிடந்த இரும்பும் மாங்கனீசும், பாசிக்கு உணவாகும் மணிச்சத்தும் நீரில் கரையத் தொடங்குகின்றன. அழுகிய முட்டை நாற்றமுடைய வளியும், மீத்தேன் வளியும் பிறக்கின்றன.

மின்சுழலிக்கு நீர் எங்கிருந்து எடுக்கப்படுகின்றது? பல அணைகளில் ஆழத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. எனவே, சுழலியைச் சுற்றிவிட்டு ஆற்றில் இறங்கும் நீர், உயிர்வளி குன்றியதாகவும், பருவத்துக்கு ஒவ்வாத குளிர்ச்சி உடையதாகவும் இருக்கக் கூடும். அதில் மீன் திணறும். அதனைக் குடிநீராக்குவோர்க்குச் செலவு மிகும். மேலும், மின்தேவை மிகும் மாலையில் நீரைத் திறந்தும், தேவை குறைந்தபின் மூடியும் இயக்கும் நிலையங்களின் கீழே, ஆறு ஒருநாளில் இருமுறை வெள்ளமும் வறட்சியும் காண்கின்றது. வண்டல் அணையிலேயே தங்கிவிட, கீழேயுள்ள ஆறு தன் படுகையையே அரித்து உண்கின்றது.

எல்லா அணையிலும் எல்லா நாளும் இவை நிகழும் என்று நான் கூறவில்லை. அணையின் ஆழம், நீர் தங்கும் காலம், மேலிருந்து வரும் கழிவு, நீரெடுக்கும் வாயின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து அது வேறுபடும். ஆகலின் ஒவ்வோர் அணையிலும் அளந்தே அறிதல் வேண்டும். அளப்பவர் யார்? அளந்தபின் 'இது தகாது, திருத்துக' என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

சட்டம் கண்மூடிய இடம்

நீர் மாசுத் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. அச்சட்டம் மாசு என்பதற்குத் தரும் விளக்கம் விரிவானது. கழிவு கலப்பதை மட்டுமன்றி, மக்களுக்கோ உழவுக்கோ நீர்வாழ் உயிர்க்கோ கேடு தரும் வகையில் நீரின் இயற்பியல், வேதியியல், உயிரியல் தன்மைகளை மாற்றுவதையும் அது மாசு என்றே கொள்கின்றது. அவ்விளக்கத்தின்படி உயிர்வளியை இழந்த அணைநீரும் மாசுற்ற நீரே.

ஆனால் அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படியுங்கள். ஆற்றில் மாசு சேர்ப்பதை முதல் உட்பிரிவு தடை செய்கின்றது. இரண்டாம் உட்பிரிவு, உரிமையுள்ள ஒருவர் ஆற்றின் குறுக்கே அணையோ மதகோ கட்டியதாலோ பேணியதாலோ மட்டும் குற்றம் செய்தவர் ஆகார் என்று விலக்குத் தருகின்றது. வாரியத்தின் இசைவைப் பெற வேண்டியது கழிவுநீரை வெளியேற்றும் வாய்க்கே. சுழலி வழியே இறங்கும் ஆற்றுநீரைக் கழிவுநீர் என்று நடைமுறையில் எவரும் கொள்வதில்லை. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் தொழில்களைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை, வெள்ளை என நான்கு நிறங்களாகப் பிரித்தபோது, 25 மெகாவாட்டுக்குக் குறைந்த சிறு நீர்மின் நிலையங்களை, இசைவே தேவையற்ற வெள்ளைப் பட்டியலில் சேர்த்தது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சாத்தனூரின் 7.5 மெகாவாட் நிலையம் வெள்ளையினும் வெள்ளை.

மற்றொன்றையும் கேளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி நீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. அப்படியாயின் நீர் பற்றிய இச்சட்டத்தை நாடாளுமன்றம் எவ்வாறு இயற்றியது? 252-ஆம் உறுப்பின் வழியாக. சில மாநிலங்கள் தீர்மானம் இயற்றிக் கேட்டுக்கொள்ள நாடாளுமன்றம் சட்டம் செய்தது. தமிழ்நாடு பின்னர் அதை ஏற்றுக்கொண்டு, 1982 பிப்பிரவரி 27-இல் தன் வாரியத்தை அமைத்தது. ஏற்ற அளவிலே ஒரு கதவு மூடிக்கொண்டது. அவ்வாறு ஏற்ற சட்டத்தைத் திருத்தும் உரிமை அதன்பின் மாநிலச் சட்டமன்றத்துக்கு இல்லை, நாடாளுமன்றத்துக்கே உண்டு.

இன்னும் ஒரு படி உள்ளே செல்க. மாநில வாரியம் தன் நீர்நிலைகளுக்குத் தர வரையறை வகுக்கலாம் என்று 17-ஆம் பிரிவு கூறுகின்றது. கூறிய கையோடு, மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றுநீர் நீங்கலாக என்றும் கூறிவிடுகின்றது. காவிரி மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு. தென்பெண்ணையும் அத்தகையதே. பாலாறும் அத்தகையதே. தமிழன் குடிக்கும் பேராறுகளுக்குத் தமிழ்நாட்டு வாரியம் தர வரையறை வகுக்க இயலாது. நம் உலையில் கொதிக்கும் நீருக்குத் தரம் வகுப்பவர் தில்லியில் இருக்கின்றார்.

அத்தில்லி தன் கடமையைச் செய்ததா? கங்கைக்குச் செய்தது. 2018 அக்டோபரில், கங்கையின் மேற்பகுதியிலுள்ள நீர்மின் அணைகள் ஆண்டு முழுதும் ஆற்றில் விட வேண்டிய குறைந்த அளவு நீரை அறிவிக்கை வழியாக வரையறுத்தது. வறண்ட காலத்தில், வரும் நீரில் 20 விழுக்காடு. இடைக்காலத்தில் 25 விழுக்காடு. மழைக்காலத்தில் 30 விழுக்காடு. நல்ல செயல்; பாராட்டுவோம். ஆனால் கங்கைக்கு உயிர் உண்டென்றால் காவிரிக்கு உயிர் இல்லையா? தென்பெண்ணையின் மீன் மீனாகாதா? வடக்கே ஓடும் ஆறு தாய். தெற்கே ஓடும் ஆறு வாய்க்கால் என்று எந்தச் சட்டம் சொல்கின்றது?

அமெரிக்க மாநிலங்கள் பெற்ற உரிமை

கூட்டாட்சி நாட்டில் மாநிலங்களுக்கு இத்தகைய உரிமை தருவது இயலாது என்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். அமெரிக்க ஒன்றியத்தில் தனியாரும் உள்ளாட்சிகளும் நீர்மின் நிலையம் நிறுவ உரிமம் வழங்குவது ஒன்றிய அரசின் ஆணையம். ஆயினும் அந்நாட்டின் 1972-ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டத்தின் 401-ஆம் பிரிவு, 'இந்நிலையத்தால் எங்கள் ஆற்றின் நீர்த்தரம் கெடாது' என்ற சான்றை முதலில் மாநிலத்திடம் பெற்று வருக என்று பணிக்கின்றது. மாநிலம் சான்றை மறுத்தால் உரிமம் இல்லை. மாநிலம் விதிக்கும் கட்டுப்பாடுகள் உரிமத்தின் பகுதியாகிவிடும்.

வாசிங்டன் மாநிலத்தில் தோசுவாலிப்சு என்னும் ஆற்றில் ஒரு நீர்மின் திட்டம் வந்தது. மீன்கள் வாழ்வதற்காக ஆற்றில் குறைந்த அளவு நீர் எப்போதும் ஓட வேண்டும் என்று மாநிலம் கட்டுப்பாடு விதித்தது. 'தரத்தைத்தான் நீ கேட்கலாம். அளவைக் கேட்க உனக்கு உரிமையில்லை' என்று திட்டத்தார் வழக்காடினர். அந்நாட்டின் உச்ச முறைமன்றம் 1994-இல் அவ்வாதத்தைத் தள்ளியது. நீரின் அளவையும் தரத்தையும் இரு கூறாகப் பிரிப்பது செயற்கையான பிரிப்பு. நீர் வற்றினால் தரமும் கெடும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. பின்னர் 2006-இல், மேயின் மாநிலத்து அணைகளைப் பற்றிய வழக்கில், அணையின் சுழலி வழியே மீண்டும் அதே ஆற்றில் விழும் நீரும் 'வெளியேற்றம்' என்றே கொள்ளப்படும். ஆகலின் மாநிலச் சான்று வேண்டும் என்று அம்மன்றத்து நடுவர் அனைவரும் ஒருமனமாகத் தீர்ப்பளித்தனர். வந்த நீரைத்தானே விடுகின்றோம் என்ற வாதம் அங்கே நில்லாது போயிற்று.

இதனால் அந்நாட்டில் மின்விளக்குகள் அணைந்துவிடவில்லை. தென்னசி ஆற்று வடிநிலத்தில் அரசு ஆணையமே நடத்தும் அணைகளில் 16-ஐத் தேர்ந்து, சுழலியிலேயே காற்றைச் செலுத்தியும், உயிர்வளியை நீரில் ஊட்டியும், குறைந்த அளவு நீரை இடைவிடாது விட்டும் 1990-களில் ஆற்றின் நிலையைத் திருத்தினர். நீரெடுக்கும் வாயைப் பல உயரங்களில் அமைத்து, வேண்டிய அடுக்கிலிருந்து நீரெடுக்கும் முறையும் உலகில் பலவிடத்துப் பழகியதே. சிறிது செலவு ஆகும். சிறிது மின்னாற்றல் குறையும். அச்செலவு நல்ல நீரின் விலை என்று கொள்ள வேண்டும்.

நம் வீட்டுக் குறை

இதுவரை தில்லியைப் பேசினேன். எல்லைக்கு அப்பாலுள்ளாரையும் சுட்டினேன். நீங்கள் கை தட்டினீர்கள். இனிப் பேசப் போவதற்குக் கை தட்ட மாட்டீர்கள், ஆனாலும் கேளுங்கள்.

1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை நம்முடையது. அதன் மின்நிலையங்கள் நம்முடையவை. அண்மை ஆண்டுகளில் அணையின் நீர்ப்பரப்பில் பச்சைப் படலம் படர்ந்து, நாற்றம் தாளாமல் கரையோர மக்கள் முறையிட்டது ஒருமுறையன்று. மேட்டூருக்குக் கீழே செக்கானூர் முதல் பவானிக் கட்டளை வரை ஏழு கதவணைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்னாக்குகின்றோம். ஓடிக்கொண்டிருந்த ஆறு அங்கே படிப்படியாக நிற்கும் குளங்களாயிற்று. அவற்றின் கரையிலேயே பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு ஆகிய ஊர்களின் சாய்கடையும் சாயக் கழிவும் வந்து சேர்கின்றன. ஓடும் ஆறு தன்னைத் தானே ஓரளவு கழுவிக்கொள்ளும். நிற்கும் ஆறு என்ன செய்யும்? ஆகாயத்தாமரையை வளர்க்கும்.

அங்கே கருநாடகம் எங்கே வந்தது? தில்லி எங்கே வந்தது? கழிவை விடுபவன் நம்மவன். அணையை இயக்குவது நம் அரசின் மின்னிறுவனம். தடுக்க வேண்டிய வாரியம் நம் அரசின் வாரியம். ஆடுபவனும் நடுவனும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும்போது முறை எங்ஙனம் பிறக்கும்? குந்தா மலைத்தொடரில் மின்நிலையம் மின்நிலையமாக இறங்கிவரும் நீர்தான் பில்லூர் அணையில் தேங்கிக் கோவை மாநகர்க்குக் குடிநீராகின்றது. ஒரே நீர் மின்னும் ஆகின்றது, உணவும் ஆகின்றது. அதைக் காக்கும் பொறுப்பு மட்டும் இரண்டு துறைகளுக்கு நடுவே அனாதையாகக் கிடக்கின்றது.

தென்பெண்ணையிலும் காவிரியிலும் கருநாடகம் மாசு சேர்க்கின்றது என்று 2015-இல் தமிழ்நாடு உச்ச முறைமன்றம் சென்றது. சென்றது முறையே. ஆனால் அம்மன்றத்தில் நம் வழக்கறிஞர் எழுந்து நிற்கும்போது, 'உம் அணைகளில் நீர் எவ்வாறுள்ளது?' என்று எதிர்த்தரப்பு கேட்டால், எடுத்துக்காட்டத் தூய கணக்கு நம் கையில் இருக்க வேண்டாவா? தன் வீட்டுத் திண்ணையைக் கூட்டியவன் குரலுக்கே ஊர்மன்றத்தில் மதிப்பு உண்டு.

மேக்கேதாட்டு: கேளாத கேள்வி

ஒகேனக்கல்லுக்கு மேலே, மேக்கேதாட்டில் 67.16 டி.எம்.சி. தேக்கி 400 மெகாவாட் மின்னாக்கும் அணையொன்றுக்குக் கருநாடகம் 2019-இல் நடுவண் நீர் ஆணையத்திடம் விரிவான திட்ட அறிக்கை அளித்தது. அதனால் நம் பங்கு குறையுமே என்று நாம் எதிர்க்கின்றோம். அவ்வெதிர்ப்பில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நாம் கேளாத கேள்வி ஒன்று உண்டு என்பதையே சொல்கின்றேன்.

ஏறத்தாழ 5,000 எக்டேர் நிலம், பெரும்பகுதியும் காடு, அதில் மூழ்கும். மூழ்கிய காடு அழுகும். அழுகும் ஆண்டுகளில் அடிநீரின் நிலை எத்தகையது என்பதை முன்னரே கூறினேன். அச்சுழலி வழியே வரும் நீரைத்தான் ஒகேனக்கல்லில் எடுத்து நாம் குடிக்க வேண்டும். ஒகேனக்கல்லின் பாறைகளும் அருவிகளும் நீருக்கு உயிர்வளியை மீண்டும் ஊட்டுமே என்பீர்கள், உண்மை. ஆனால் கரைந்து வந்த இரும்பையும் மாங்கனீசையும் பாசிக்கு உரமான சத்தையும் அருவி மாயமாக்கிவிடாது. எனவே நாம் கேட்க வேண்டியது: அவ்வணையில் நீர் எந்த ஆழத்திலிருந்து எடுக்கப்படும்? இறங்கும் நீரில் உயிர்வளி எத்தனை இருக்கும்? மின்தேவைக்காக நாளுக்கு எத்தனை முறை ஆறு நிறுத்தப்படும்? இவற்றுக்குக் கீழ்மடை மாநிலத்துக்கு விடை கூறும் கடமை யாருக்கு? 177.25 என்னும் எண் இக்கேள்விகளில் ஒன்றுக்கும் விடை தாராது. நடுவர் மன்றத் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவன் அளவைக் கேட்கலாம். தன்மையைக் கேட்பதற்கு அவன் கையில் இன்று ஓர் ஓலையும் இல்லை.

செய்ய வேண்டுவன

குறைகூறி முடிப்பது நம் இயக்கத்தார்க்கு அழகன்று. நம் கைக்கு எட்டுவனவற்றை முதலிலும், எட்டாதனவற்றைப் பின்னரும் வைத்துக் கூறுகின்றேன்.

முதலாவது, தமிழ்நாட்டின் ஒவ்வொரு நீர்மின் அணையிலும், நீரின் மேலடுக்கு, நடுவடுக்கு, அடியடுக்கு ஆகிய மூன்றிலும், சுழலிக்குக் கீழே ஆற்றிலும், வெப்பம், உயிர்வளி, கலங்கல், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றை இடைவிடாது அளத்தல் வேண்டும். குளிப்பதற்குத் தகும் நீரில் இலிட்டருக்கு 5 மில்லி கிராமும், தூய்மைப்படுத்திக் குடிக்கத் தகும் நீரில் 4 மில்லி கிராமும் உயிர்வளி இருத்தல் வேண்டும் என்பது நடுவண் வாரியத்தின் வரையறை. அவ்வளவோடு ஒப்பிட்டு, அணைமேட்டிலும் ஊராட்சி மன்றத்திலும் தமிழில், உழவனுக்குப் புரியும் தமிழில், நாள்தோறும் எழுதி வைத்தல் வேண்டும். அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அறிவிக்கும் அரசுக்கு இது மலையன்று. இதற்குத் தில்லியின் இசைவும் தேவையில்லை.

இரண்டாவது, மின்னிறுவனத்துக்கும் அமைச்சுக்கும் அஞ்சாமல் அளந்து சொல்லும் தனி நீர்த்தர அமைப்பு வேண்டும்.

மூன்றாவது, பழைய நிலையங்களைப் புதுக்கும்போதெல்லாம் காற்றூட்டும் சுழலிகளும் பல உயர நீர்வாய்களும் அமைப்பதைக் கட்டாயமாக்குதல் வேண்டும்.

நான்காவது, மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளுக்கும் தர வரையறை வகுக்கும் உரிமையை மாநில வாரியங்களுக்குத் தருமாறும், 24-ஆம் பிரிவு அணைகளுக்குத் தரும் விலக்கைத் திருத்துமாறும், நீர்மின் உரிமங்களுக்குக் கீழ்மடை மாநிலத்தின் நீர்த்தரச் சான்றைக் கட்டாயமாக்குமாறும் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றுதல் வேண்டும். கங்கைக்கு வகுத்த குறைந்த அளவு நீரோட்ட விதி காவிரிக்கும் தென்பெண்ணைக்கும் வேண்டும் என்று அத்தீர்மானத்திலேயே கேட்டல் வேண்டும்.

இவ்வுரிமை நமக்கு மட்டும் வேண்டும் என்று கேட்கவில்லை. கேரளத்துக்கு மேல்மடையில் நாம் இருக்கின்ற ஆறுகளும் உண்டு. அங்கே கீழ்மடையார் நம்மிடம் சான்று கேட்டால் நாமும் கொடுத்தே ஆக வேண்டும். தனக்கு வேண்டும் முறையைப் பிறர்க்கும் தருபவனே முறை கேட்கத் தகுதியுடையவன்.

முடிவுரை

அன்பர்களே! மொழியைக் காப்போர் செய்வது என்ன? பெருகி வந்த சொற்களின் அளவைக் கண்டு மயங்காமல், அவற்றின் தூய்மையை ஆராய்கின்றோம். எத்தனை சொல் என்று கேளாமல் எத்தகு சொல் என்று கேட்கின்றோம். கலப்பால் தமிழ் வளரும் என்றவர்க்கு, கலங்கல் பெருகுவது ஆறு பெருகுவதன்று என்று விடையிறுத்தோம். சொல்லுக்குக் கேட்ட அக்கேள்வியை நீருக்கும் கேளுங்கள் என்பதே உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள்.

நாளை காலை இம்மலை ஏறுங்கள். பாறையினின்று சொட்டும் நீரைக் கையில் ஏந்துங்கள். அது தண்ணென்று இருக்கும், தெளிந்து இருக்கும். பின் இறங்கிச் சென்று தென்பெண்ணையின் நீரைக் கையில் ஏந்துங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவே நாம் செய்ய வேண்டிய பணியும்.

தெண்ணீர் ஓடும் ஆறு நம் உரிமை! அதைக் கேட்பது நம் கடமை!

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ் மக்கள்!